ஐந்து நிமிடத்தில் ஆய்வைச் சொல்ல விடுங்கள்: துறைத் தலைவர்களுக்கும் ப்ராஜெக்ட் கைடுகளுக்கும் ஒரு திறந்த மடல்

கலை அறிவியல் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும், இளநிலை மாணவர்களின் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கடைசி செமஸ்டர் தொடங்கும்போது தலைப்பு முடிவாகிறது. ஒன்றிரண்டு ரிவியூ நடக்கிறது. ஏப்ரல் வாக்கில் எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், வந்து வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிகிறது. இதற்கு நடுவே வகுப்பறையில் நடக்கும் சின்னப் பிரசன்டேஷனைப் பற்றியே இந்த மடல். தான் செய்த ஆய்வை நாலு பேர் முன் நின்று சொல்லவும், கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லவும் பல மாணவர்களுக்கு மூன்று வருடத்தில் கிடைக்கும் ஒரே இடம் அது.

அந்த இடம் இன்று எப்படிச் செலவாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இருபது ஸ்லைடு. கல்லூரிச் சின்னம், கைடு பெயர், பொருளடக்கம், முன்னுரை, நோக்கங்கள், முந்தைய ஆய்வுகள் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் நேரம் முடிந்துவிடும். "ரிசல்ட்டுக்கு வாப்பா" என்று நாம் அவசரப்படுத்துவோம். எண்கள் நெருக்கியடித்த ஒரு அட்டவணை சில நொடி மின்னி மறையும். அடுத்து நன்றி ஸ்லைடு, கைதட்டல். என்ன கண்டுபிடித்தார்கள் என்று வெளியே வரும் மாணவர்களிடம் கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது.

இதற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வறிக்கைக்கு இருக்கும் இயல் வரிசையையே ஸ்லைடு வரிசையாக மாற்றி, "இந்த டெம்ப்ளேட்டில் செய்" என்று கொடுத்தது நாம். அறிக்கையைப் படிப்பவர் வேண்டாத பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம், பிடிபடாததைத் திரும்பப் படிக்கலாம். பேச்சைக் கேட்பவருக்கு இரண்டுமே முடியாது. ஆகவே விதியை மாற்ற வேண்டியது துறைதான். எங்கள் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிமிடப் பேச்சு, மூன்று நிமிடக் கேள்வி. அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை, விடைக்கு ஒரு ஆதாரம்.

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அறுபது பேர் உள்ள வகுப்பில் நாலு பேருக்கு ஒரு குழு என்றால் பதினைந்து குழுக்கள். பேச்சும் கேள்வியும் எட்டு நிமிடம், ஆள் மாற இரண்டு நிமிடம். ஐம்பது நிமிடப் பீரியடில் ஐந்து குழு, மூன்று பீரியடில் முழு வகுப்பும் முடிந்துவிடும். இந்தக் கணக்கு உடைவது இரண்டு இடங்களில். ஒன்று, ஒவ்வொரு குழுவும் பென் டிரைவைச் செருகி, வைரஸ் ஸ்கேன் ஓடி, ஃபைலைத் தேடித் திறப்பதற்குள் நாலைந்து நிமிடம் போய்விடும். முந்தின நாள் மாலைக்குள் எல்லா ஃபைலையும் ஒரே கணினியில், ஒரே ஃபோல்டரில், குழு எண்ணைப் பெயராக வைத்துச் சேர்த்துவிட்டால் மாறுவதற்கு அரை நிமிடம் போதும். இன்னொன்று, முதல் குழுவைப் பதினைந்து நிமிடம் நிறுத்திக் கேள்வி கேட்கும் நம் பழக்கம். முதல் நான்கு குழுவும் தலைக்கு மூன்று நிமிடம் கூட எடுத்தால் பன்னிரண்டு நிமிடம் போயிற்று. ஐந்தாவது குழுவுக்கு நேரமே இல்லை. கடைசியில் வருபவர்கள் பெரும்பாலும் கூச்சப்பட்டுப் பின்னால் ஒதுங்கியவர்கள். அதனால் பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். முன் பெஞ்சில் ஒரு மாணவரிடம் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் கொடுங்கள். நாலாவது நிமிடம் மஞ்சள், ஐந்தாவது நிமிடம் சிவப்பு. சிவப்பு எழுந்தால் பேசுபவர் அந்த வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும், கைடே வேண்டிக் கேட்டாலும் நீட்டிப்பு இல்லை. அதேபோல் அந்த ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் யாரும் குறுக்கிடக் கூடாது. இது நமக்கு மிகவும் சிரமமான விதி என்பது தெரிந்தேதான் கேட்கிறோம்.

ஐந்து நிமிடம் போதாது என்ற வாதம் வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய போட்டியில், முனைவர் பட்ட ஆய்வையே மூன்று நிமிடத்தில், அசையாத ஒரே ஒரு ஸ்லைடோடு சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் தகுதி நீக்கம். இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. அது மேடைப் போட்டி, நமக்கு வேண்டியது வகுப்பறைப் பயிற்சி. அதனால் இன்னும் இரண்டு நிமிடமும், கூட இரண்டு மூன்று ஸ்லைடும் தரலாம். அதற்கு மேல் தேவையில்லை.

இனி உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வருவோம். வேதியியல் துறையில் அடிக்கடி வரும் ஒரு வகைத் தலைப்பை எடுத்துக்கொள்வோம்: கிணற்று நீரின் தரம். வழக்கமான பேச்சு, "நீரின்றி அமையாது உலகு" என்று தொடங்கி, பூமியில் எத்தனை சதவீதம் நன்னீர் என்று சொல்லி, நீரின் கடினத்தன்மையை (அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவை) அளக்கும் இடிடிஏ டைட்ரேஷன் சோதனையை முதலிலிருந்து கடைசி வரை விவரிக்கும். பஃபர் சேர்த்தோம், எரியோகுரோம் பிளாக் டி சேர்த்தோம், ஒயின் சிவப்பு நீலமாக மாறியது. கேட்டுக்கொண்டிருக்கும் அறுபது பேரும் அந்த டைட்ரேஷனைத் தாங்களே செய்தவர்கள். ஒரு நிமிடம் வீண்.

அதே ப்ராஜெக்ட்டை இப்படித் தொடங்கலாம்: "ஏரியை ஒட்டிய ஆறு கிணறுகளில் தண்ணீரின் கடினத்தன்மை, ஏரியைத் தாண்டித் தள்ளி இருக்கும் ஆறு கிணறுகளைவிடக் குறைவா என்று பார்த்தோம். குறைவுதான்." கேள்வியும் விடையும் முதல் அரை நிமிடத்திலேயே வந்துவிட்டன. விடையை முன்னாலேயே சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று மாணவர்கள் பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறானது. விடை தெரிந்த பிறகுதான் "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்வி கேட்பவர் மனதில் எழும். மீதி நேரம் முழுக்க அதற்கான பதில்தான்.

அடுத்த ஒன்றரை நிமிடம் செய்முறைக்கு. வகுப்புக்குத் தெரியாததை மட்டும் சொன்னால் போதும். எந்தக் கிணறுகள், ஏன் அவை, எந்த மாதம் எடுத்தது, அதற்கு முந்தின வாரம் மழை பெய்ததா, ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை முறை டைட்ரேட் செய்தது. பிறகு ஒன்றரை நிமிடம் ஒரே ஒரு படத்துக்கு. இங்கேதான் பெரும்பாலான ப்ராஜெக்ட் சறுக்குகிறது. பன்னிரண்டு கிணறு, ஒன்பது அளவீடு, ஆக 108 எண்கள் ஒரே ஸ்லைடில். அதை எடுத்துவிட்டு, கடினத்தன்மைக்கு மட்டும் பன்னிரண்டு பட்டைகள் போடச் சொல்லுங்கள். ஏரிக்கரைக் கிணறு ஆறும் ஒரு நிறம், மற்றவை வேறு நிறம், சிறியதிலிருந்து பெரியதாக வரிசை. குறுக்கே இரண்டு கோடுகள்: இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 10500 படி ஏற்கத்தக்க அளவான லிட்டருக்கு 200 மில்லிகிராம், மாற்று நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவான 600 மில்லிகிராம். மற்ற எட்டு அளவீடும் அறிக்கையில் இருக்கட்டும். கேட்டால் காட்ட ஒரு கூடுதல் ஸ்லைடாகக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணை எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் பாருங்கள். 50 மில்லி மாதிரி, 0.01 மோலார் இடிடிஏ என்றால் பியூரெட் என்ற அளவுக் குழாயில் ஒரு மில்லி என்பது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை. 18.4 மில்லி இறங்கினால் 368. பியூரெட்டின் சிறு பிரிவு 0.1 மில்லி, அந்த ஒரு கோடு பிசகினாலே விடை 2 மில்லிகிராம் மாறும். அப்படியிருக்க ஸ்லைடில் 368.42 என்று இரண்டு தசமம் போட்டால், எக்செல் கொடுத்ததை யோசிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இதை ரிவியூவிலேயே திருத்திவிடலாம், இரண்டு நிமிட வேலை.

பலரும் விட்டுவிடும் பகுதி அடுத்தது. எங்கே இந்த விடை தப்பாக இருக்கக்கூடும் என்று மாணவரே சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் இருப்பவை எல்லாம் திறந்த கிணறு, தள்ளி இருப்பவை எல்லாம் போர்வெல் என்றால், வித்தியாசம் ஏரியால் வந்ததா, ஆழத்தால் வந்ததா? இதைத் தாமே எழுப்பும் குழுவுக்கு மதிப்பெண் கூட வேண்டும், குறையக் கூடாது. பலவீனத்தைச் சொன்னால் மார்க் போகும் என்ற பயத்தில்தான் மாணவர்கள் மூடி மறைக்கிறார்கள். கடைசி அரை நிமிடம், இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் என்ன செய்வோம் என்பதற்கு.

வணிகவியல், பொருளியல், சமூகப்பணித் துறைகளில் சிக்கல் வேறு மாதிரி. கூகுள் ஃபார்ம் தானாகத் தரும் வட்டப் படங்கள் பதினைந்தும் ஸ்லைடில் ஏறிவிடும். வயது, பாலினம், வருமானம் என்று வரிசையாகப் போய், ஆய்வின் கேள்விக்கு வருவதற்குள் சிவப்பு அட்டை எழுந்துவிடும். பதிலளித்தவர் யார் என்பது ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டும். முப்பது பேரிடம் கேட்டுவிட்டு "36.67 சதவீதம் பேர்" என்று எழுதாமல் "முப்பதில் பதினொரு பேர்" என்று சொல்லப் பழக்குங்கள். அங்கே ஒரே ஒரு ஆள் மனம் மாறினாலும் மூன்று சதவீதத்துக்கு மேல் நகரும். வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பி வாங்கிய பதில்களைச் சீரற்ற மாதிரி என்று ஸ்லைடில் எழுதுவது இன்னும் பெரிய தவறு. அது கைக்கு எட்டியவர்களின் மாதிரி. அப்படியே சொல்லிவிட்டால் அதில் குறை ஒன்றும் இல்லை. நூறு பேரை உண்மையிலேயே சீரற்ற முறையில் எடுத்தால்கூட கிடைக்கும் சதவீதம் உண்மை அளவிலிருந்து ஏறக்குறைய பத்துப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப்போகலாம் என்பதை ஒவ்வொரு கைடும் ஒருமுறையாவது வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

கணினித் துறையில் லைவ் டெமோவைத் தடை செய்துவிடுங்கள். வைஃபை, பாஸ்வேர்டு, வெப்கேம் அனுமதி என்று எதில் நின்றாலும் ஐந்து நிமிடமும் போயிற்று. நாற்பது நொடித் திரைப்பதிவு போதும். இன்னொன்று, "எங்கள் மாடல் 90 சதவீதம் துல்லியம்" என்று சொல்லும்போது, அந்தத் தரவில் ஒவ்வொரு வகையும் எத்தனை என்ற எண் அதே ஸ்லைடில் இருக்க வேண்டும். நூறு இலைப் படத்தில் தொண்ணூறு நோயற்ற இலை என்றால், எதைக் காட்டினாலும் "நோயில்லை" என்று சொல்லும் நிரலுக்கும் அதே 90 கிடைக்கும்.

தமிழ்த் துறைக்கு ஒரு வரிதான்: எந்தப் பாடலை வைத்து வாதம் நிற்கிறதோ அந்த வரிகள் பெரிய எழுத்தில் திரையில் இருக்கட்டும்; நூற்பட்டியல் வேண்டாம்.

மொழி பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும், பேச்சு தமிழில் இருக்கலாம் என்று துறை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேச விரும்புவோர் பேசட்டும். இன்று நடப்பது மனப்பாடம். நெட்டுரு போட்ட பத்தியில் ஒரு சொல் மறந்தால் அடுத்த சொல் வராது, மாணவர் திரையைப் பார்த்துத் திரும்பி நின்று வாசிக்க ஆரம்பித்துவிடுவார். கேள்வி கேட்டால் விஷயம் தெரிந்தும் வாக்கியம் வராமல் மௌனம். அந்த மௌனத்தை நாம் அறியாமை என்று குறித்துக்கொள்கிறோம். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நெடுங்காலம் ஒருங்கிணைத்து வந்த நிகழ்வு அது. பத்து வயதுக் குழந்தைகள்கூட ஊரில் எடுத்த ஆய்வைச் சார்ட்டில் எழுதி வந்து தமிழில் சொல்லி, நடுவர் கேள்விக்குத் தமிழில் பதில் தருகிறார்கள். அந்தப் பிள்ளைகளே கல்லூரிக்கு வந்ததும் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. ஆங்கில வழிப் படிப்பானாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வகுப்பறைப் பேச்சுக்கு நாம் தயங்கக் காரணமே இல்லை. டைட்ரேஷன், எண்ட் பாயிண்ட், சாம்பிள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அவற்றைச் சுற்றியுள்ள வாக்கியம் மாணவருடையதாக இருக்கட்டும்.

திரையில் தமிழ் வந்தால் எழுத்துருச் சிக்கலும் வரும். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியும். "தமிழ்" என்ற சொல்லின் கடைசிப் புள்ளியே அங்கே அரைப்புள்ளியாக நிற்கும். யூனிகோடில் மட்டுமே அடிக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கிறது. கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் வாங்கி வையுங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும், எந்தக் கணினியிலும் மாறாது. ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் அனிமேஷன் எல்லாம் பிடிஎஃப்பில் ஒன்றாகிவிடும் என்பதால், முதலிலிருந்தே அனிமேஷன் இல்லாமல் செய்யச் சொல்வது நல்லது.

எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. திரைச்சீலை இல்லாத ஜன்னல் உள்ள வகுப்பில் கருநீலப் பின்னணி மங்கிப்போகும். வெள்ளையில் கறுப்பு எழுத்தே நிற்கும். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்ட வேண்டாம், அவற்றைப் பிரித்தறிய முடியாத மாணவர் வகுப்பில் இருக்கக்கூடும். பழைய புரொஜெக்டர்கள் பல 4:3 விகிதத்தில் இருக்கும். 16:9 ஸ்லைடு போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து இன்னும் சிறுத்துவிடும். எந்த விகிதம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

புரொஜெக்டர் இல்லாத கல்லூரிகளும், பீரியட் நடுவில் கரண்ட் போகும் கல்லூரிகளும் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு குழுவும் அந்த ஒரே ஒரு முக்கியப் படத்தை முழு சார்ட் பேப்பரில் வரைந்து கொண்டுவரட்டும். கடைசி பெஞ்ச் எட்டு மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்து நாலு சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். ஸ்கெட்ச் பேனா போதாது, பட்டை முனை மார்க்கர் வேண்டும். தமிழில் எழுதும்போது கொம்பும் சுழியும் அடுத்த வரியில் இடிக்காதபடி வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். இப்படி வரைந்துவிட்டால் 108 எண்களைத் திணிக்கும் ஆசையும் தானாகப் போய்விடும்.

நாலு பேரும் பேசியே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று முறை ஆள் மாறினால், மைக் கைமாறி, அடுத்தவர் நின்று, "குட் மார்னிங்" சொல்லி முடிப்பதற்குள் முக்கால் நிமிடம் கரைந்துவிடும். இரண்டு பேர் பேசட்டும். கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதை மட்டும் ஆசிரியர் அந்த இடத்தில் தீர்மானிக்கட்டும், பேசாதவரிலிருந்து. அப்போது நாலு பேரும் முழு ஆய்வையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதாகிறது. அசல் குறிப்பு நோட்டு, நிரப்பிய படிவங்கள், பியூரெட் அளவு எழுதிய தாள் ஆகியவை மேசையில் இருக்க வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதை அறிக்கையில் கண்டுபிடிப்பது கடினம். "ஏழாவது கிணற்றுக்கு மூன்று முறை என்ன ரீடிங் வந்தது, நோட்டில் காட்டுங்கள்" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கேள்விகள் வகுப்பிலிருந்து வர வேண்டும். கைதூக்கச் சொன்னால் வராது. நண்பனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பாதிப்பேர் பேசாமல் இருப்பார்கள், சிலர் பழைய சண்டையைக் கேள்வியில் தீர்ப்பார்கள். கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர் இரண்டை எடுத்துப் பெயர் சொல்லாமல் வாசிக்கட்டும். என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்குப் பலகையில் மூன்று எழுதிப் போடலாம்: எத்தனை முறை செய்தீர்கள்? எதோடு ஒப்பிட்டீர்கள்? வேறு காரணம் இருக்குமா? மீதித் தாள்களைக் குழுவிடமே கொடுத்துவிடுங்கள். வைவாவுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.

மதிப்பெண்ணில் நாங்கள் பரிந்துரைப்பது இருபதுக்கு: கேள்வியின் தெளிவு 3, செய்முறை 5, ஆதாரமும் அதன் வரம்பும் 6, பதில்கள் 5, நேரம் 1. உடை, உடல்மொழி, ஆங்கில உச்சரிப்பு, ஸ்லைடு அழகு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். அவை வீட்டு வசதியையும் படித்த பள்ளியையும் அளக்கும், ஆய்வை அளக்காது. இந்தப் பங்கீட்டைத் தலைப்பு கொடுக்கும் நாளிலேயே மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

டிசம்பரில் துறைக் கூட்டம் நடக்கும்போது இதை ஒரு பொருளாக வையுங்கள். பிப்ரவரி ரிவியூவுக்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு குழுவும் தன் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும், அதாவது கேள்வியையும் இதுவரை கிடைத்த விடையையும், கைடிடம் எழுதிக் கொடுக்கட்டும். அந்த இரண்டு வாக்கியம் எழுத வராத குழு எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது ஸ்லைடு திருத்தம் அல்ல, ஆய்வுக் கேள்வியையே கைடோடு உட்கார்ந்து சரிசெய்ய ஒரு மணி நேரம். அதற்குப் பிப்ரவரியில் இன்னும் அவகாசம் இருக்கும், ஏப்ரலில் இருக்காது.

அன்புடன்,
கல்லூரி ப்ராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் சிலர்